கடலூர் ஷாம்பு, ஆயாவின் சீயக்காய், என் கருகின முடி

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையதுதான். யாரும் என்னைக் கட்டிப்போட்டுத் தலையில் ப்ளீச் தடவவில்லை. ட்யூஷன் எடுத்துச் சேர்த்த 2,500 ரூபாயை நானே எண்ணிக் கொடுத்து, நானே நாற்காலியில் உட்கார்ந்து, நானே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

2025 ஆவணியில் சித்தி மகளுக்குக் கல்யாணம். "நுனிக்கு மட்டும் பிரவுன் பண்ணிக்கலாம், மேல கருப்பாவே இருக்கட்டும், சூப்பரா இருக்கும்" என்றார் பார்லர் அக்கா. பிரவுன் ஏற வேண்டுமானால் முதலில் கருப்பு இறங்க வேண்டும். அதற்கு ப்ளீச். அதற்கும் மேலே சூடான இடுக்கியை வைத்து இழுத்து நேராக்கல். கல்யாண ஆல்பத்தில் நான் அழகாகத்தான் இருக்கிறேன், அதை மறுக்க மாட்டேன் (ஹி ஹி). மூன்றாவது தலைக்குளியலில் ஆரம்பித்தது வினை. நுனி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சீப்பு பாதி வழியில் நின்றது. இழுத்தால் 'டப்'பென்று அறுந்தது. விடுதியில் என் அறைத்தோழி (காட்டுமன்னார்கோயில்காரி, வாய் கொஞ்சம் நீளம்) என் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு, "எங்க வீட்டு வைக்கோல் போர்லகூட இவ்ளோ உதிராதுடி" என்றாள்.

வெட்டிப் போட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் சொல்வீர்கள். எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பி.காம். படிக்கிறவள் கணக்குப் போடாமல் இருப்பாளா?

தலைமுடி சராசரியாக மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், அல்லது அதற்குக் கொஞ்சம் கூட, வளரும். என் முடி வேரிலிருந்து நுனி வரை 68 செ.மீ. (டேப் பிடித்தது அறைத்தோழி.) என் ஆயா செத்துப்போனது 2023 நவம்பரில். நான் அளந்தது 2025 நவம்பரில். இரண்டு வருஷம், 24 மாதம். அப்படியானால் உச்சியிலிருந்து ஏறக்குறைய 24 செ.மீ. வரை இருப்பது ஆயா போன பிறகு முளைத்த முடி. அதற்குக் கீழே தொங்குகிற 44 செ.மீ. ஆயா பார்த்த முடி. வாராவாரம் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, சாம்பிராணி காட்டி, "ஆடாம உக்காருடீ" என்று முதுகில் ஒன்று வைத்து, சிக்கெடுத்துப் பின்னி விட்ட முடி. முடி என்பது செத்த செல், அதற்கு நினைவு கிடையாது, எல்லாம் தெரியும். ஆனால் நான் காசு கொடுத்துப் பொசுக்கிக்கொண்டது மிகச் சரியாக அந்தக் கீழ்ப்பகுதியைத்தான். அது இரண்டு மூன்று ராத்திரி தூங்க விடவில்லை.

அதனால் காப்பாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். பட்ஜெட் 350 ரூபாய். பார்லருக்குத் திரும்பப் போய்க் 'கெராட்டின்' வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குக் காசும் இல்லை, தைரியமும் இல்லை. முடியை நேராக்கும் க்ரீமில் இருந்த கிளையாக்ஸிலிக் அமிலம் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைப் பாதித்தது பற்றி 2024-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதியிருந்த செய்தியைப் படித்திருந்தேன். நமக்கு இருப்பது இரண்டே கிட்னி.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடை. 'செடிகளிலிருந்து', 'ப்ளாண்ட் பேஸ்டு', 'சேதமான கூந்தலுக்கு' என்று எழுதின ஒரு ஷாம்பும் அதற்கு ஜோடியாக ஒரு கண்டிஷனரும் வாங்கினேன். பெயர் சொல்லப்போவதில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். ஷாம்பு பழைய விலை 180. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஷாம்புவுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதே, அதனால் அது 160-க்குக் கிடைத்தது. கண்டிஷனர் 178. மொத்தம் 338. மீதி 12 ரூபாயில் ஒரு டீ. (வரிக் குறைப்பை நுகர்வோருக்குக் கடத்துவது பற்றி இன்டர்னல் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கையில் டீயாக வந்தபோதுதான் புரிந்தது.)

அன்றைக்கு ராத்திரி பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். முன்பக்கம் பெரிய சீயக்காய்ப் படமும் செம்பருத்திப் பூவும். பின்பக்கம் முதலில் தண்ணீர். அப்புறம் வாய்க்குள் நுழையாத நான்கைந்து பெயர். சீயக்காயும் செம்பருத்தியும் கடைசி வரியில், பதப்படுத்தும் பொருளான சோடியம் பென்சோவேட்டுக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தன. நம் நாட்டு விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற பொருள்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்த வேண்டும். அதற்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் போடலாம். சோடியம் பென்சோவேட்டே ஒரு சதவீதத்தைத் தொடாது. அதற்குப் பின்னால் நிற்பவர்களின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக 'செடியிலிருந்து' என்பதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. நுரை தருகிற பொருள் தேங்காய் எண்ணெய், பனை எண்ணெய் வகையறாவிலிருந்து செய்யப்படுவதுதான். எல்லோரும் பயந்து ஓடுகிற சோடியம் லாரில் சல்பேட்டையும் அதே எண்ணெயிலிருந்து செய்யலாம். அது மட்டும் செடி இல்லையா? செடியிலிருந்து புறப்பட்டு, பேக்டரி வழியாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் கடலூர் சிப்காட் பக்கம் போனவர்களுக்கு எதுவும் எதுவாகவும் மாறும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வாரக் கடைசியில் ரயிலேறித் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகிற வழியில் பெரிய அத்தை வீடு. அத்தையிடம் பாட்டிலைக் காட்டிப் பெருமையாகப் பேச ஆரம்பித்தேன். ஷாம்பு விஷயத்தில் அத்தையிடம் பெருமை பேசியது என் முட்டாள்தனம். ஏனென்றால் அத்தை கல்யாணத்துக்கு முன்னால், 1980-களின் நடுவில், இதே ஊரில் ஷாம்பு பாக்கெட் போடும் வேலைக்குப் போனவர்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடலூர் என்றால் உங்களுக்கு சுனாமி, புயல், சில்வர் பீச், கெமிக்கல் நாற்றம் இவ்வளவுதான் ஞாபகம் வரும். ஆனால் இன்றைக்கு இந்தியா முழுக்கப் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே ஷாம்பு சாஷே, அந்தக் கதை பெரிய அளவில் தொடங்கியது எங்கள் ஊரில்தான். சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர்கள் வாங்குகிற பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்குகிற மாதிரி சின்ன சின்னப் பொட்டலமாகத் தர வேண்டும் என்று யோசித்தார். தூளைப் பொட்டலம் கட்டலாம், தண்ணியாக இருப்பதை எப்படிக் கட்டுவது? அதற்குத்தான் சாஷே. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவை சாஷேயில் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொடங்கியது சிக் ஷாம்பு. அப்பா பெயரைச் சுருக்கினால் சிக். பின்னால் 1998-ல் கம்பெனி பெயர் கெவின்கேர் ஆனது. கவின் என்றால் அழகு, அதிலும் ஒரு சி, ஒரு கே. எங்கள் மார்க்கெட்டிங் வகுப்பில் வெளிநாட்டுக் கம்பெனிக் கதையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, 'எங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி நடந்தது சார்' என்று கையைத் தூக்கலாமா என்று யோசித்திருக்கிறேன். தூக்கவில்லை.

அவர் செய்த வித்தைகள் இன்றைக்குப் படித்தாலும் ருசிக்கும். ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்குப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்று காட்டியது. ரஜினி படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டியது. எந்தக் கம்பெனியின் காலி சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றது. கொஞ்ச நாள் கழித்து, சிக் காலி சாஷேவுக்கு மட்டும்தான் என்று மாற்றிக்கொண்டது. அந்த ஒரு திட்டத்தில் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குப் போனதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை வாசம், ரோஜா வாசம், அமலா விளம்பரம். 1999-ல் 50 காசு சாஷே.

அத்தைக்கு அந்தக் காலி சாஷே திட்டம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "குப்பையில கெடந்ததெல்லாம் பொறுக்கிக் கழுவிக் கயித்துல காயப்போடுவோம். தெருவுல ஒரு காலி பாக்கெட் பாக்க முடியாது" என்றார். (இன்றைக்கு யாராவது அந்தத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தால் சாக்கடை அடைப்பு பாதி குறையும்.) வேலை பார்த்த இடத்தைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்றுதான். மதியம் சாப்பிட உட்காரும் முன் கை கழுவினால் நுரை வந்துகொண்டே இருக்குமாம். எத்தனை தடவை கழுவினாலும் சோற்றில் மல்லிகை வாசம் அடிக்குமாம்.

"அப்போ வீட்டுலயும் ஷாம்புதானா அத்தை?"

"எங்க? உங்க ஆயா விட்டாத்தானே. ஊருக்குப் போடறத ஊருக்குப் போடு, என் ஊட்டுத் தலைக்கு சீயக்காதான்னுடுச்சு."

நாள் முழுக்க ஷாம்பு பாக்கெட் போட்டுவிட்டு வந்த பெண் வீட்டுக்கு வந்து சீயக்காய் தேய்த்துக் குளித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இதில் இன்னொரு சுற்றும் உண்டு. சாஷே வந்து சீயக்காயைத் துரத்தியது. துரத்தின பிறகு, அதே சாஷேயில் சீயக்காய், செம்பருத்தி, ஹெர்பல் என்று பெயர் போட்டுத் திரும்ப நம்மிடமே வந்தது. மீரா, கார்த்திகா, நைல் எல்லாம் அந்தத் திரும்பி வந்த வழியில் வந்தவைதான். என் கையில் இருந்த 160 ரூபாய் பாட்டிலும் அந்த வரிசையில் கடைசியாக நிற்பது.

ஆயா அரைத்த சீயக்காய்த் தூள் எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி இருந்தது. அவர் கையால் அரைத்து வைத்த கடைசித் தூள். அத்தைதான் சொன்னார், "சும்மா பேசிக்கிட்டு இருக்காத, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது போட்டுப் பாரு." அம்மாவிடம் சொல்லாமல் அந்தப் பாட்டிலைத் துணிக்கு நடுவில் வைத்துச் சிதம்பரத்துக்கு எடுத்துவந்தேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நேர் வகிடு எடுத்து இரண்டு பக்கம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தலைக்குளியல். இடப்பக்கம் எப்போதும் பாட்டில் ஷாம்பும் பாட்டில் கண்டிஷனரும். வலப்பக்கம் ஆயா தூள். ஒவ்வொரு தடவையும் சீப்பிலும் தரையிலும் கிடக்கும் முடியைப் பொறுக்கி இரண்டு காகிதத்தில் வைத்துப் பார்ப்பது. இதற்கு ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உதிர்கிற முடி வேறு, உடைகிற முடி வேறு. ஒரு முனையில் குட்டி வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் சகஜம், அழ வேண்டாம். புள்ளி இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நடுவில் அறுந்தது. எனக்கு எண்ண வேண்டியது இரண்டாவது வகை. "ஆடிட் பண்றாளாம்" என்று பக்கத்து அறை வரைக்கும் செய்தி போனது.

முதல் இரண்டு வாரம் வலப்பக்கம் வெறும் சீயக்காய். நான் உள்ளுக்குள் ஆயா பக்கம்தான், ஒளிப்பானேன்? ஜெயிக்க வேண்டும் என்றே ஆசைப்பட்டேன். ஆனால் படுதோல்வி. இடப்பக்கம் உடைந்தது பத்து பன்னிரண்டு என்றால் வலப்பக்கம் நாற்பதை ஒட்டி. சிக்கு என்றால் அப்படி ஒரு சிக்கு. தூள் திப்பி திப்பியாக நுனியில் மாட்டிக்கொண்டு, வெளுத்த முடியில் பழுப்பு மாவு தூவின மாதிரி இருந்தது. கண் எரிச்சல் தனி. விடுதித் தண்ணீர் போர் தண்ணீர், உப்பு கூட, அதில் நுரை என்பதே கிடையாது. அதோடு கடலூர், சிதம்பரம் பக்கம் நவம்பர் டிசம்பர் என்றால் உங்களுக்கே தெரியும், மழை. தலை காய்வதற்குள் அடுத்த தலைக்குளியல் வந்துவிடும்.

அடுத்த இரண்டு வாரம் கொஞ்சம் புத்தியோடு செய்தேன். தூளை அப்படியே தேய்க்காமல் சுடுதண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண்டிஷனருக்குப் பதில் ஊறின வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் சேர்த்து அரைத்த விழுது. செம்பருத்தி வளாகத்தில் வேலி வேலியாக இருக்கிறது, மிக்சிக்குத்தான் மெஸ் அக்காவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ("சட்னி வாசம் மாறிச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்.") இந்தத் தடவை உடைந்தது இருபத்தைந்து சுமார். முன்னைக்குத் தேவலை. அந்த வழவழப்பு விரலுக்கு ரொம்பவே சுகமாக இருந்தது. ஆனால் அலசி முடித்துக் காய்ந்ததும் அந்தச் சுகத்தில் பாதி காணாமல் போனது.

கடைசி இரண்டு வாரம் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். வலப்பக்கம் வடிகட்டின சீயக்காய், ஆனால் அதற்கு மேல் பாட்டில் கண்டிஷனர். என்ன ஆச்சரியம், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது! இடது பதினொன்று என்றால் வலது பன்னிரண்டு. அறைத்தோழியைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டு பக்கத்தையும் தொடவிட்டேன். எது எது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆக, இத்தனை நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த 'ஷாம்பா சீயக்காயா' என்ற சண்டையே தப்பான சண்டை. எதனால் கழுவினேன் என்பது என் நுனிமுடிக்குப் பெரிதாக ஒரு பொருட்டே இல்லை. கழுவின பிறகு எதைப் பூசினேன் என்பதுதான் எல்லாம்.

ஏன் என்று தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். முடியின் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். அந்த ஓட்டின் மேல் பிறவியிலேயே மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் பூச்சு உண்டு, அதனால்தான் தண்ணீர் ஒட்டாமல் வழிகிறது. ப்ளீச் அந்தப் பூச்சை எடுத்துவிடுகிறது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப முளைக்காது. ஓடுகள் தூக்கிக்கொள்கின்றன, ஒன்றோடொன்று மாட்டுகின்றன, அதுதான் சிக்கு. அப்படி ஆன முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடிவிடும். கண்டிஷனரில் நேர்மின் தன்மையுள்ள பொருள் இருக்கிறது. எங்கே சேதம் அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டும். என் பாட்டிலில் அதன் பெயர் பெஹன்ட்ரைமோனியம் குளோரைடு, கற்றாழைப் படத்துக்கு நேர் பின்னால், பட்டியலில் மூன்றாவது இடத்தில். கற்றாழை கடைசியில். இந்தப் பெஹன் சமாச்சாரமும் கடுகு இனத்து எண்ணெயிலிருந்து எடுப்பதுதான், ஆக அதுவும் 'செடி'. ஆனால் அந்தச் செடியின் படத்தை யாரும் முன்பக்கம் போடவில்லை. வேலை செய்கிறவன் ஒருவன், போட்டோவுக்கு நிற்கிறவன் வேறொருவன். கல்யாண வீட்டில் பார்த்ததில்லையா?

வெந்தயமும் செம்பருத்தியும் வழவழப்பைத் தரும், ஆனால் இதைப்போலப் பிடித்துக்கொண்டு நிற்கிற மின்தன்மை அவற்றுக்குக் கிடையாது. தண்ணீரோடு போய்விடுகின்றன. ஆனால் கண்டிஷனரும் எதையும் 'சரி' செய்வதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த தடவை கழுவினால் அதுவும் போகும், மறுபடி பூச வேண்டும். 'சேதத்தைக் குணமாக்கும்' என்று பாட்டில் சொல்கிறது. செத்த செல் எப்படிக் குணமாகும்? உடைந்த ஓட்டின் மேல் தார்ப்பாய் போடலாம். மழை விடுகிற வரை வீடு நனையாது.

ஒரு விஷயம் மட்டும் ஆயா கட்சிக்கு ஆதரவாகக் கிடைத்தது. குளிப்பதற்கு முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் வைப்பது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆய்வு செய்தவர்கள் பாரசூட் எண்ணெய் விற்கிற மாரிக்கோ நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஆடிட்டிங் பேப்பரில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனாலும் என் கைக்கு அது உண்மையாகத்தான் பட்டது.

அதைவிட முக்கியமாக ஒன்று. உச்சியிலிருந்து காது வரைக்கும், ப்ளீச் படாத, ஆயா போன பிறகு முளைத்த அந்த 24 செ.மீ. இருக்கிறதே, அதில் சீயக்காய்ப் பக்கம்தான் அழகு. முதல் வாரத்திலிருந்தே. கண்டிஷனர் ஒன்றும் போடாமலே பளபளவென்று, கனமாக, அடங்கி நின்றது. சீயக்காயில் இருக்கும் சபோனின் சோப்பு மாதிரி காரம் இல்லை, அழுக்கை எடுத்துக்கொண்டு ஓட்டைத் தூக்காமல் விட்டுவிடுகிறது. நான் கீழ்ப்பகுதியையே குனிந்து குனிந்து எண்ணிக்கொண்டிருந்ததில் மேலே பார்க்கவே இல்லை. ஆயாவின் தூளில் ஒரு குறையும் இல்லை. அது ப்ளீச் போடாத முடிக்கு அரைத்த தூள். பேத்தி இப்படி ஒரு காரியம் செய்வாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையைப் பிரித்தது அம்மா. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் கையில் வந்தது.

"இது ஆயாவோடதுல்ல?"

"ஆமாம்மா."

"தீந்துடுச்சா?"

ஆறு வாரக் கணக்கு, வலது இடது, பெஹன்ட்ரைமோனியம் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, மூடி, திரும்பப் பரண் மேலேயே வைத்துவிட்டார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் தூள் வைத்துக்கொள்வதற்கா, தேய்த்துக்கொள்வதற்கா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாட்டுப் பொங்கல் கழிந்த ஞாயிறு அத்தை கத்தரிக்கோலோடு வந்தார். ஆறு வாரம் எண்ணினதில் எனக்குத் தெரிந்துபோனது, கடைசி 14 செ.மீ.தான் தேறாத கேஸ், உடைகிறதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு மேல் இருப்பது கண்டிஷனரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளும். ஸ்கேலை வைத்துக் கோடு காட்டினேன். அத்தை ஒரே வெட்டு. 44-ல் 14 போக 30 இருக்கிறது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று செ.மீ. வெட்டினால் ஆயா பார்த்த முடி இன்னும் இரண்டரை வருஷம் என் தலையில் இருக்கும். எம்.காம். சேர்ந்தால் முதுகலை முடிகிற வரைக்கும் வரும்.

அன்றைக்கே புதுத் தூளுக்கு சாமான் போட்டோம். அதில்தான் பெரிய சண்டை. சீயக்காய், பாசிப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த எலுமிச்சைத் தோல், இதுவரைக்கும் ஒத்துப்போனார்கள். ஆயா கார்போக அரிசி போடுவாரா மாட்டாரா என்பதில் அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது. "எங்கம்மா போட்டத எனக்குத் தெரியாதா?" "இருவத்தி ரெண்டு வருஷம் கூட இருந்து அரைச்சவ நானு." ஆயா எதையும் எழுதி வைக்கவில்லை, கேட்டால் "ஒரு கை" என்பார். கடைசியில் பாதித் தூளில் போட்டும் பாதியில் போடாமலும் இரண்டு பாட்டிலாக அரைப்பது என்று முடிவு. சோதனைக்கு என் தலை இருக்கவே இருக்கிறது, வலது, இடது.

மில்காரர் மாவு அரைக்கிற மெஷினில் சீயக்காய் போட முடியாது, செவ்வாய்க்கிழமைதான் அதற்கு என்றார். செவ்வாய்க்கிழமை எனக்குக் காலேஜ். லீவு போட்டுவிட்டு மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தும்மல், அடுத்து அத்தைக்கு, அடுத்து எனக்கு. மில்காரர் மட்டும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.